சந்தனம் வைத்த சுவிட்ச்

பச்சை விளக்குகள் பத்தும் எரிந்தன. ஆனால் எங்கள் பத்துக் கணினிகளில் நாலைந்து, பக்கத்துக் கணினியை முன்பின் பார்த்தறியாதவை போல இருந்தன.

அறையின் நடுவில் ஒரு மேசை. மேசையில் தட்டையாய் ஒரு கறுப்புப் பெட்டி. எல்லாக் கணினிகளிலிருந்தும் கேபிள்கள் வந்து சேருகிற அந்தப் பெட்டிக்குத்தான் சுவிட்ச் என்று பெயர். அதன் நெற்றியில் நாங்கள் காலையில் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோய் இருந்தன. அதன் முன்னால் எங்கள் ஆசிரியர் கஜன் சேர், கழுத்து வேர்க்க நின்றார். அவருக்குப் பின்னால் யாழ்ப்பாண நகரத்திலிருந்து வந்த மனேஜர் மிஸ், நாங்கள் கொடுத்த றோல்ஸ் பலகாரத் தட்டோடு நின்றார். றோல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது.

"சேர், சந்தனம் உள்ளுக்குப் போயிட்டுதோ?" என்று எங்களோடு படிக்கிற கந்தசாமி அண்ணை மெல்லக் கேட்டார்.

சேர் சட்டை நுனியால் பெட்டியைத் துடைத்துப் பார்த்தார். பொட்டுப் போனது, பெட்டியின் நோய் போகவில்லை.

அந்த மிஸ் தன் கொம்பனிக்கு ஒரே ஒரு ஆளை எடுத்துப் போக வந்திருந்தார். கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போய்க் கேபிள் இழுத்துக் கணினிகளை இணைத்துக் கொடுக்கிற வேலை. அது எனக்குக் கிடைக்காவிட்டால், வருகிற திங்கட்கிழமை நான் அத்தானின் கடையில் காசு மேசைக்குப் பின்னால் உட்கார வேண்டும். அப்படித்தான் வீட்டில் பேச்சு.

அத்தானின் கடை

அத்தான் என்றால் என் கணவரின் தமையன். நல்ல மனிதர். அதுதான் தொல்லையே. கெட்ட மனிதராய் இருந்திருந்தால் முகத்துக்கு நேரே "மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

நெல்லியடியில் பலசரக்குக் கடை திறந்த நாளிலிருந்து, நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கில் நான் கெட்டிக்காரி என்பது ஊருக்கே தெரியும். உயர்தரம் படிக்கிற வயதில் நாங்கள் சாமான்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு இடம்பெயர்ந்து திரிந்தோம். புத்தகம் அங்கேயே நின்றது. அதன் பிறகு கல்யாணம், பிள்ளைகள். பிள்ளைகள் வளர்ந்து தங்கள் வழியில் போன பிறகு, ஒரு காலை வேளை நான் குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று யோசித்தேன். இனி என்ன செய்வது?

கடையில் முன்பு ஒருமுறை கொஞ்சக் காலம் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. வேலை கேவலம் என்றல்ல. ஒரே கதிரை, ஒரே மேசை லாச்சி, ஒரே சுவர், எதிரே தொங்குகிற வாழைக்குலை. வருகிற போகிற எல்லோரும் எங்கோ போகிறவர்கள். நான் மட்டும் இருக்கிறவள். மாலையானால் காரணமில்லாமல் அழுகை வரும். அதை யாரிடம் சொல்வது? சொன்னால் "இருந்து சம்பாதிக்கக் கசக்குதோ?" என்று கேட்பார்கள்.

அப்போதுதான் நெல்லியடிப் பக்கம் ஒரு மாடிக் கட்டடத்தில், கணினி வலையமைப்பு அடிப்படைப் பயிற்சி என்று பதாகை கட்டியிருந்தார்கள். வயதெல்லை போட்டிருக்கவில்லை. நான் இரண்டு தரம் வாசித்து அதை உறுதிப்படுத்திக்கொண்டேன்.

"படிக்கட்டும்" என்றார் அத்தான், என் கணவரிடம். "முடிச்சுப்போட்டு வேலை கிடைச்சால் சந்தோசம். கிடைக்காட்டில் கடை இருக்குத்தானே."

என் கணவர் கொடிகாமம் சந்தையிலிருந்து மரக்கறி ஏற்றுகிற லொறி ஓட்டுகிறவர். அவருக்கு என்மேல் நம்பிக்கை உண்டு. ஆனால் பகிடி விடாமல் அந்த நம்பிக்கையைக் காட்ட அவருக்குத் தெரியாது. "இனி எங்கடை வீட்டில கரண்ட் போனாலும் இவவைத்தான் கேக்கவேணும்" என்று எங்கள் ஊர் கரவெட்டி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வலையமைப்புக்கும் கரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்கவில்லை.

பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தத் தொடரை வாசிக்கிற ஒருவர், "பேரப்பிள்ளை பார்க்கும் காலத்தில் உமக்கேன் இந்த வேலை?" என்று கேட்டிருந்தார். ஐயா, எனக்குப் பேரப்பிள்ளை இன்னும் இல்லை. வந்தால் அதற்கும் கேபிள் வெட்டப் பழக்குவேன்.

எட்டு நிறம்

பயிற்சியின் முதல் நாளே கையில் கத்தரியைக் கொடுத்துவிட்டார் கஜன் சேர். வடக்குக் கரையில் கடலோடுகிற குடும்பத்துப் பிள்ளை, இளந்தாரி. எங்களில் பாதிப்பேர் அவருக்கு அம்மா, பெரியப்பா வயது. அதனால் பாவம், எங்களைத் திட்ட முடியாமல் அவர் தன்னையே திட்டிக்கொள்வார். "நான்தான் வடிவாய்ச் சொல்லித் தரேல்லைப் போல" என்பார். அதைக் கேட்டால் எங்களுக்கு அடி வாங்கியதைவிட நோகும்.

ஒரு கேபிளைச் சீவினால் உள்ளே எட்டு நூல் கம்பிகள் இருக்கும், சோடி சோடியாய் முறுக்கி. வெள்ளை கலந்த செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை கலந்த பச்சை, நீலம், வெள்ளை கலந்த நீலம், பச்சை, வெள்ளை கலந்த மண்ணிறம், மண்ணிறம். இந்த ஒழுங்கு மாறக்கூடாது. முறுக்கை அவிழ்த்து, விரலால் நீவி நேராக்கி, எட்டையும் ஒரே மட்டத்தில் வெட்டி, கண்ணாடி போன்ற சின்னத் தலைக்குள் செருகி, குறட்டால் நசுக்க வேண்டும். சரியாய் நசுங்கினால் கடக் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

முதல் கிழமை பெருவிரல் நுனி முழுக்கச் சின்னச் சின்னக் கீறல்கள். இரவுச் சாப்பாட்டுக்கு மிளகாய் அரைக்க முடியவில்லை. வீட்டிலும் விடாமல் பழகினேன். குசினி மேசைதான் என் பட்டறை. ஒருநாள் என் கணவர் புட்டைப் பிசைந்தவர், நின்று, விரலால் எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இஞ்சாரும், இது என்ன, கரட்டோ?"

செம்மஞ்சள் கம்பித் துண்டு. அவர் அதைச் சாப்பாட்டுக் கோப்பை ஓரத்தில் வைத்துவிட்டு, "அடுத்தது நீலம் வரும் எண்டு காத்திருக்கிறன்" என்று சொல்லிச் சாப்பிட்டார். ஒழுங்கின்படி அடுத்தது வெள்ளை கலந்த பச்சை என்று திருத்தினேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரைக்கேறிவிட்டது.

விருப்பமான இலக்கம்

கேபிள் வேலை கைக்குப் படிந்த பிறகு விலாசம். கணினிகள் ஒன்றோடொன்று கதைக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம் வேண்டும். ஐபி என்பார்கள்.

"நாலு பகுதி இருக்கு" என்று சேர் பலகையில் எழுதினார். "முதல் மூண்டும் எல்லாருக்கும் ஒண்டுதான். அது ஊர்ப்பெயர் மாதிரி. கடைசிதான் உங்கடை வீட்டு இலக்கம். ரெண்டில இருந்து இருநூற்றி அம்பத்தி நாலு வரைக்கும் விருப்பமானதைப் போடுங்கோ. பக்கத்தில இருக்கிற ஆளின்ரையைப் போட்டிடாதேங்கோ, அவ்வளவுதான்."

கந்தசாமி அண்ணை உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். தபால்காரராய் இருந்து இளைப்பாறியவர் அவர். இலண்டனில் இருக்கிற மகளோடு வீடியோவில் கதைக்கும்போது படம் உறைந்துபோகிறது, அது ஏன் என்று கண்டுபிடிக்கவே வகுப்புக்கு வந்திருந்தார்.

"உது எனக்குச் சொல்லவேண்டாம் தம்பி. விலாசம் எண்டால் என்னெண்டு நான் சொல்லித் தாறன்" என்றார்.

நாங்கள் இரண்டிரண்டு பேராய்ப் பழகினோம். இரண்டு கணினி, நடுவில் ஒரு கேபிள். ஒன்றிலிருந்து மற்றதைக் கூப்பிட்டுப் பார்ப்பதற்குப் பிங் என்று பெயர். கூப்பிட்ட இலக்கம் பதில் சொன்னால் வரி வரியாய் வந்துகொண்டிருக்கும். என் சோடி நிரோஜா, பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த பெட்டை. முதல்முறை அவளின் கணினி எனக்குப் பதில் சொன்னபோது நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். எழும்பி என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தேன்.

பத்துப்பேரையும் ஒன்றாய் இணைக்க சுவிட்ச் வேண்டும். அது கொழும்பிலிருந்து வந்துகொண்டே இருந்தது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் மனேஜர் மிஸ் பார்க்க வருகிற அன்று காலையில்தான் பெட்டி கையில் கிடைத்தது.

சோதித்துப் பார்க்க நேரமிருந்தது. ஆனால் நாங்கள் அதற்குள் குத்துவிளக்குத் தேடினோம். புதுச் சாமானைச் சும்மா தொடலாமா? பிள்ளையார் பிடித்து, அறுகம்புல் வைத்து, கற்பூரம் காட்டி, பெட்டிக்குச் சந்தனம் வைத்து முடிய, கந்தசாமி அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். "இராகுகாலம் துவங்க முன்னம் கேபிள் எல்லாத்தையும் கொழுவிப்போடுங்கோ" என்று அவசரப்படுத்தினார். கொழுவிக்கொண்டிருக்கும்போதே வாசலில் வாகனம் வந்து நின்றது.

விருந்தாளி நிற்கும்போது

என் முறை வந்தபோது கேபிளைச் செருகினேன். திரையின் மூலையில் சின்னதாய் ஒரு பெட்டி எழும்பியது. ஆங்கிலத்தில் ஏதோ பிழை என்று அறிவித்தது. வாசிக்கத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து மனேஜர் மிஸ் எங்கள் வாங்கு வரிசைக்குக் கிட்ட வந்தார். நான் சட்டென்று அதை மூடிவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

ஏன் மூடினேன்? வேறென்ன, சேருக்காகத்தான். அந்தப் பிள்ளை எவ்வளவு பாடுபட்டது. அன்னியர் ஒருவர் வந்து நிற்கும்போது எங்கள் வீட்டுக் குறை வெளியே தெரியலாமா?

பிறகு தொடங்கியது கூத்து. நான் நிரோஜாவைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. திரும்பக் கூப்பிட்டேன். பதில் இல்லை, பதில் இல்லை என்று வரி வரியாய் வந்தது. அறையில் இன்னும் சிலருக்கு அதே நிலை. சேர் சுவிட்சைத் துடைத்தார், அணைத்துப் போட்டார், கேபிள்களை அசைத்துப் பார்த்தார். மிஸ் றோல்ஸைக் கடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

எனக்குக் கடையின் வாழைக்குலை கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது.

"அக்கா" என்றாள் நிரோஜா இரகசியமாய். "உங்கடை கொம்பியூட்டர் எனக்குப் பதில் சொல்லுது. வடிவாய்ச் சொல்லுது."

"உன்ரை எனக்குச் சொல்லேல்லையே!"

"தெரியேல்லை அக்கா. எனக்கு வருது."

அப்படியானால் பிழை என் கேபிளில்தான். என் கையால் செய்த கேபிள். வெட்கமும் கோபமும் ஒன்றாய் வந்தன. கணினியிலிருந்து அதைக் கழற்றி, யன்னல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சத்தில் பிடித்து நிறங்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன். எட்டும் ஒழுங்காய்த்தான் இருந்தன.

"அக்கா, இன்னும் வருது."

"என்ன வருது?"

"நீங்கள்தான். பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறியள்."

நான் கையிலிருந்த கேபிளைப் பார்த்தேன். அவளின் திரையைப் பார்த்தேன். வரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"நான் இஞ்ச நிக்கிறன். கேபிள் என்ரை கையில. அப்ப ஆரடி உனக்குப் பதில் சொல்லுறது?"

நான் மெல்லப் பேசுகிற ஆளில்லை. அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சேரும் திரும்பினார். ஆனால் அவர் வாய் திறக்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது. என் இலக்கத்தில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். நான் போட்ட இலக்கமோ, நம் சனம் கண்ணை மூடிக்கொண்டு தெரிவு செய்கிற இலக்கம். அம்மனுக்கு அர்ச்சனையென்றால் அத்தனை நாமம், நேர்த்திக்கு உடைப்பதென்றால் அத்தனை தேங்காய், அபிடேகத்துக்கு அத்தனை சங்கு.

"நூற்றெட்டுப் போட்டது ஆர்? கையைத் தூக்குங்கோ!"

கந்தசாமி அண்ணையின் கை அரைவாசி உயர்ந்து நின்றது. பின் வாங்கில் ஒரு கை. யன்னலோரம் ஒரு கை. கதவடியில் ஒன்று. என்னோடு சேர்த்து ஐந்து. ஐந்து சோடியிலும் ஆளுக்கொரு நூற்றெட்டு! சோடியாய்ப் பழகும்வரை ஒரு குறையும் இல்லை. ஒரே பெட்டியில் சேர்ந்ததும் முதலில் கொழுவியவர் அந்த இலக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மற்ற நாலு பேரும் நடுத்தெருவில்.

கஜன் சேர் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். "ஒருத்தருக்கும் ஸ்கிரீனில பிழை எண்டு ஒண்டும் வரேல்லையோ?"

ஆளாளுக்குத் தங்கள் திரையைப் பார்த்துக்கொண்டோம்.

"வந்தது தம்பி" என்றார் கந்தசாமி அண்ணை. "மூடிப்போட்டன்."

"நானும்." "நானும் சேர்."

"ஏன் அண்ணை மூடினனீங்கள்?"

"வெளியாள் நிக்கேக்கை உங்களுக்கு அவமானமாய்ப் போயிடுமெண்டுதான். பேந்து தனிய வந்து சொல்லுவம் எண்டு நினைச்சன்."

சேரின் முகம் ஒரு மாதிரிப் போனது. சிரிப்பதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. மனேஜர் மிஸ்தான் முதலில் சிரித்தார். தட்டை மேசையில் வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நான் வெளியாள் இல்லை, பண்டத்தரிப்பு ஆள்தான்" என்றார். "எங்கடை வீட்டு வைஃபை பாஸ்வேர்டின்ரை கடைசி மூண்டு இலக்கமும் உதுதான். இண்டைக்குப் போய் மாத்தவேணும்."

"இவ்வளவு காலம் கடிதம் குடுத்தனான்" என்று கந்தசாமி அண்ணை தலையில் அடித்துக்கொண்டார். "ஒரே இலக்கத்தில அஞ்சு வீடு எண்டால் கடிதத்தைத் திருப்பியெல்லோ அனுப்பியிருப்பன்!"

பதினேழு

சேர் இனி எவரின் விருப்பத்தையும் கேட்பதாயில்லை. பதினொன்றிலிருந்து இருபது வரை வாங்கு ஒழுங்கில் எழுதிவிட்டார். ஆனால் பதினேழு கந்தசாமி அண்ணைக்கு விழுந்தது.

"ஒண்டும் ஏழும் எட்டு" என்றார் அவர் தயங்கி. "சனியின்ரை இலக்கம். தம்பி, எனக்கு இப்ப ஏழரை நடக்குது..."

சேர் கூரையைப் பார்த்தார். நான் இடையில் புகுந்தேன்.

"இஞ்ச தாங்கோ அண்ணை. என்ரை பதினாலை நீங்கள் எடுங்கோ. சனிக்கும் எனக்கும் நல்ல பழக்கம்."

இலக்கத்தை மாற்றி, கேபிளைச் செருகினேன். நிரோஜாவைக் கூப்பிட்டேன். பதில் வந்தது. கந்தசாமி அண்ணையைக் கூப்பிட்டேன். வந்தது. அறையில் ஒவ்வொரு மூலையிலிருந்தும் "வருது, வருது" என்று சத்தம். இராகுகாலம் எப்போதோ தொடங்கிவிட்டிருந்தது. கந்தசாமி அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார், ஒரு றோல்ஸை எடுத்துக் கடித்தார்.

போகும் முன் மனேஜர் மிஸ் என்னைத் தனியாய்க் கூப்பிட்டார்.

"கேபிளை ஏன் கழட்டினனீங்கள்?"

"என்னிலைதான் பிழை எண்டு நினைச்சன் மிஸ்."

"ஸ்கிரீனில பிழை காட்டினால் இனியும் மூடுவியளோ?"

"கடவுளாணை மூடமாட்டன்."

"ஏணியில ஏறுவியளோ?"

"ஏறுவன்" என்றேன். முருங்கைக்காய் பிடுங்கத் தவிர நான் ஏணியில் ஏறியதில்லை என்பதை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை நான் கடைக்குப் போகவில்லை. கொம்பனியின் பெயர் போட்ட சட்டையை, சல்வாருக்கு மேலே போட்டுக்கொண்டு யாழ்ப்பாணம் பஸ் ஏறினேன். என் கணவர் சந்திவரை வந்து வழியனுப்பினார். பகிடி ஒன்றும் விடவில்லை. அதுதான் எனக்குக் கண்ணைக் கலங்கவைத்தது.

தனியாய்ப் போய்ச் செய்யும்படி தந்த முதல் வேலை எதுவென்று நினைக்கிறீர்கள்? நெல்லியடியில் ஒரு பலசரக்குக் கடை. நாலு கமெரா, ஒரு பில் போடும் கணினி. விலாசத்தைப் பார்த்ததும் மிஸ்ஸிடம் வேறு ஆளை அனுப்பச் சொல்லலாமா என்று யோசித்தேன். பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அத்தான் வாசலில் நின்றார். என்னைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார். "கொம்பனியில இருந்து ஆள் வரும் எண்டவை" என்றார்.

"நான்தான் அத்தான்."

கணினியை ஆயத்தம் செய்யும்போது பக்கத்தில் வந்து நின்றார். என் கணவர் எல்லாக் கதையும் சொல்லியிருக்க வேண்டும். "பிள்ளை, என்ரை மிசினுக்கு அந்த நூற்றெட்டைப் போட்டு விடு" என்றார்.

"அது ஒருத்தருக்குத்தான் குடுக்கலாம் அத்தான்."

"அதாலைதான் கேக்கிறன்."

போட்டுக் கொடுத்தேன். மிஞ்சியது மேல் வேலை. காசு மேசைக்கு நேர் மேலே கமெரா. ஏணியை வைத்துவிட்டு நின்றேன். அத்தான் அந்த மேசைக்குப் பின்னால் இருந்தார். ஏறினால் என் கால் அவரின் தலைக்கு மேலே வரும். மூத்தவர். எப்படி ஏறுவது?

அவருக்கு விளங்கியது. கதிரையை விட்டு எழும்பி வந்து, ஏணியின் இரண்டு காலையும் இறுக்கிப் பிடித்தார். "ஏறு பிள்ளை. நான் பிடிக்கிறன்."

ஏறினேன். கேபிளைச் சீவி, எட்டு நிறத்தையும் நீவி, செருகி, நசுக்கினேன். கடக் என்றது. கீழே ஒருவர் வந்து சவுக்காரம் கேட்டார். காசு மேசையில் ஆளில்லாததைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணை, கடையில நிக்க ஆளில்லையோ?" என்றார்.

அத்தான் கையை எடுக்கவில்லை.

"கொஞ்சம் பொறும்" என்றார். "எங்கடை பிள்ளை மேல வேலை செய்யுது."